மூன்றாவது பெயர்

அப்பாவின் கருமாதியன்று ஆற்றோரத்தில் பிண்டம் வைக்க உட்கார்ந்த என் தம்பியிடம் பூசகர் வழக்கப்படி மூன்று பெயர்களைக் கேட்டார். முதல் பெயர் அப்பாவுடையது, இரண்டாவது தாத்தாவுடையது. மூன்றாவதாகப் பூட்டனின் பெயரைக் கேட்டபோது தம்பி திரும்பி என்னைப் பார்த்தான், நான் பெரியப்பாவைப் பார்த்தேன், பெரியப்பா ஆற்றைப் பார்த்தார். பூசகருக்கு இது புதிதல்ல போலும். பெயர் தெரியாத முன்னோர் என்று சொல்லி எள்ளும் தண்ணீரும் விடச் செய்துவிட்டு அடுத்த காரியத்துக்குப் போய்விட்டார்.

நான் இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு பாடசாலையில் வரலாறு கற்பிக்கிறேன். பொலனறுவை அரசர்களின் வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் சொந்த வரிசை மூன்றாம் பெயரோடு அறுந்து கிடப்பது அதுவரை எனக்கு உறைத்ததேயில்லை. அன்று இரவு, இழவு வீட்டுக்கு வந்தவர்கள் கலைந்து போன பிறகு, அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்து அதிலிருந்த காகிதங்களைப் பாயில் பரப்பினேன். அடுத்த மூன்று வருடங்கள் விடுமுறை நாட்களையெல்லாம் விழுங்கிய தேடல் அந்தப் பாயில்தான் தொடங்கியது.

முதலில் கையில் வந்தது என் பிறப்புச் சான்றிதழ். வேலைக்கும் அடையாள அட்டைக்கும் என்று எத்தனையோ முறை பிரதி எடுத்த தாள்தான். ஆனால் முழுமையாக வாசித்தது அன்றுதான். பெற்றோரின் விவரங்களுக்குப் பிறகு, பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயரையும் பிறந்த ஆண்டையும் இடத்தையும் கேட்கும் ஒரு கட்டம் அதில் இருக்கிறது. தந்தை இலங்கையில் பிறக்காதவராக இருந்து, பூட்டனார் இங்கே பிறந்தவராக இருந்தால் அவருடைய விவரத்தைக் கேட்கும் இன்னொரு கட்டமும் இருக்கிறது. கருமாதியில் பூசகர் கேட்ட அதே கேள்வியை அரசாங்கமும் அச்சடித்து வைத்திருக்கிறது. பூசகர் பதில் இல்லாதபோது எள்ளைத் தூவிவிட்டுப் போனார், அரசாங்கம் அப்படிப் போகவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த எங்கள் ஆட்களிடம் கேட்டது இந்த வம்சக் கணக்கைத்தான். இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாக வேண்டுமானால் அவருடைய தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இருவருமே இங்கே பிறந்திருக்க வேண்டும். எங்கள் தாத்தா இதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இந்த மலையைத் தவிர வேறு மண்ணை மிதித்ததில்லை. ஆனால் அவருடைய தந்தை கடல் தாண்டி வந்தவர். ஆகவே தாத்தா ஒரே நாளில் நாடற்றவரானார். மறுவருடம் வந்த இந்தியர் பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழியைத் திறந்தது. திருமணமானவர் ஏழு ஆண்டுகளும், ஆகாதவர் பத்து ஆண்டுகளும் 1946 ஜனவரி முதலாம் தேதிக்கு முன் இலங்கையில் இடைவிடாமல் வசித்ததைக் காட்ட வேண்டும். விண்ணப்பம் போட 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள்.

இந்த "இடைவிடாமல்" என்ற ஒரு சொல்தான் எங்கள் குடும்பத்தின் வாயை அடைத்தது என்று இப்போது நினைக்கிறேன். ஊருக்குப் போய் நெடுநாள் தங்கினால் வசிப்பு அறுந்துபோகும். ஊரோடு தொடர்பு வைத்திருப்பது தெரிந்தால் இந்த நாட்டில் நிலைக்க விருப்பமில்லாதவன் என்ற சந்தேகம் எழும். அந்த வருடங்களில் ஊரிலிருந்து வந்த கடிதங்களைத் தாத்தா வாசித்த கையோடு அடுப்பில் போட்டதாகப் பெரியப்பா சொன்னார். பிள்ளைகளில் ஒருவர் ஊரின் பெயரைக் கேட்டதற்கு, இதுதான் ஊர், போய் விறகு பொறுக்கு என்று அதட்டினாராம். எங்கள் தாத்தாக்கள் ஊர்ப் பெயரை மறந்துவிட்டார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மறப்பதற்கு அவர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. தாத்தாவுக்குப் பதிவுப் பிரஜையாக இடம் கிடைத்தது. அவருடைய தம்பியின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஒரே தாய்க்குப் பிறந்து, ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் குடியிருந்த இருவரில் ஒருவர் இலங்கையர் ஆனார், மற்றவர் 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டிய 5,25,000 பேரில் ஒருவரானார்.

காகிதம் கைவிட்ட இடத்தில் கதைகளைப் பிடித்துக்கொண்டேன். அப்பாயி உயிரோடிருந்த காலத்தில் சொன்னவற்றை அத்தைமாரிடம் தனித்தனியே கேட்டு எழுதினேன். மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஆனால் மூவர் சொன்னதிலும் ஒரு செய்தி மாறாமல் இருந்தது. அப்பாயியின் மாமனாரும் மாமியாரும் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். இது சின்னச் செய்தியாகத் தோன்றலாம், ஆனால் காலத்தைக் கணிக்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இரு கரையிலும் ரயிலும் இணைந்துவிட்டன. அதற்குப் பின் வந்தவர்களின் கதையில் மண்டபம் முகாமும் தடுப்பூசியும் ரயிலும் வரும், காட்டுப் பாதை வராது. ஆகவே எங்கள் ஆட்கள் 1914க்கு முன்பு வந்தவர்கள். முன் எல்லை எது? கோப்பிக் காலத்தில் பெரும்பாலும் ஆண்கள் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் திரும்பி நடந்தார்கள். 1869இல் தலைகாட்டிய இலை நோய் கோப்பியை அழித்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்த பிறகுதான், ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கக் கை தேவைப்பட்டதால், குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கட்டி வந்து லயங்களில் நிரந்தரமாக இருத்தினார்கள். பூட்டியும் கூடவே நடந்து வந்ததாகக் கதை சொல்வதால், 1880களுக்கும் 1914க்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு வருடம் என்ற அளவுக்கு என்னால் நெருங்க முடிந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் புறப்பட்டவர்கள் என்று ஒரு அத்தை அடித்துச் சொன்னார். அது 1876, 1877. பொருந்தவில்லை. ஆனால் பஞ்சம் என்றாலே தாது வருஷம் என்று சொல்லிப் பழகிய வாய் அது. அவரோடு நான் வாதிடவில்லை.

2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த பாதயாத்திரையில் ஒரே ஒரு நாள் நானும் நடந்தேன். சப்பாத்து போட்டு, தண்ணீர்ப் போத்தல் கையிலிருந்தும் மதியத்துக்குள் கால் கொப்பளித்துவிட்டது.

அடுத்துத் தோட்டத்து ஆபீஸ். செக்ரோல் என்ற ஒரு புத்தகம் எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக் களத்தில் பேர் சொல்லி, யார் வேலைக்கு வந்தார், எத்தனை நாள் பேர் விழுந்தது, அரிசிக்கும் முற்பணத்துக்கும் எவ்வளவு கழிந்தது என்று தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது, கைமாறிய ஒவ்வொரு தடவையும் பழைய புத்தகங்கள் குப்பையாகக் கழிக்கப்பட்டன. எங்கள் தோட்டத்தில் பெரும்பகுதி நிறுத்து விற்கப்பட்டதாக ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா சொன்னார். மிஞ்சியவற்றை ஸ்டோர் அறையில், பூச்சிமருந்து டின்களுக்குப் பின்னால் காட்டினார். இரண்டே இரண்டு புத்தகங்கள், 1930களைச் சேர்ந்தவை, ஓரங்களைக் கரையான் தின்று வைத்திருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும், இதே வேலையில் இறங்குபவர்களுக்கு உதவும். பெயர்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். கருப்பன் என்ற பெயர் ஒரு பக்கத்தில் கே எழுத்திலும் மறு பக்கத்தில் சி எழுத்திலும் தொடங்குகிறது. முத்தாயிக்கும் மூக்காயிக்கும் இடையே சில எழுத்துகள்தான் வித்தியாசம், அவற்றையும் கரையான் தின்றிருக்கலாம். குடும்பப் பெயர் என்ற ஒன்று நமக்கு இல்லாததால் ஒரே பெயரில் ஏழு பேர் இருப்பார்கள். ஆட்களைத் திரட்டி வந்து வேலை வாங்கிய கங்காணிகளில் யார் எந்தக் கங்காணியின் ஆள் என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். தமிழில் உரக்க வாசித்துக்கொண்டே போனால் கண்ணுக்குத் தப்பியது காதில் மாட்டும். இரண்டாம் நாள் மாலையில் எனக்கு மாட்டியது ஒரு பெண்ணின் பெயர். எங்கள் தாத்தாவின் பெயருக்கு மேல் வரியில், அதே கங்காணியின் கீழ், கொழுந்துக் கணக்கோடு, பூட்டியின் பெயர். அத்தைமார் சொல்லியிருந்த அதே பெயர், ஆற்றின் பெயர்.

அந்த வரியை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரஜாவுரிமைச் சட்டம் தந்தை, பாட்டன், பூட்டன் என்று ஆண்களை மட்டுமே கேட்டது. கருமாதி மந்திரமும் அதே வரிசையில் முதலில் ஆண்களைத்தான் கேட்கிறது. அக்காலத்தில் ஒரு நாட்டுப்புறப் பெண்ணின் பெயர் காகிதத்தில் ஏறுவது அரிது, ஏறினாலும் பெரும்பாலும் இன்னாரின் மனைவி என்றுதான் ஏறும். ஆனால் தோட்டம் அவளுடைய உழைப்பைத் தனியே எண்ணியது. எண்ணுவதற்காகப் பெயரைத் தனியே எழுத வேண்டியிருந்தது. கூலியைப் பெரும்பாலும் ஆண்தான் கைநீட்டி வாங்கினான் என்பது வேறு கதை. எங்களைச் சுரண்டுவதற்காக வைத்திருந்த கணக்கேட்டுக்கு நன்றி சொல்லும் எண்ணம் எனக்கில்லை, என்றாலும் பூட்டியை எனக்குக் காட்டித் தந்தது அதுதான். அன்றைய ஆங்கிலேய ஆட்சி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வந்திறங்கிய ஆட்களுக்குத் தகர வில்லை ஒன்றைக் கட்டி அனுப்பியது. எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டிய எத்தனையாவது ஆள் என்ற குறி மட்டும்தான் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. ஆட்களுக்குப் பெயர் இருக்கிறதென்பதைக் கூலி போடும்போதுதான் அவர்கள் கவனித்திருக்கிறார்கள்.

அந்தப் புத்தகங்களில் பூட்டன் இல்லை. 1930களுக்கு முன்பே அவர் இறந்திருக்க வேண்டும்.

பூட்டன் கிடைத்தது வேறு வழியில். எங்கள் லயத்துக்கு மேலே, கற்பாறைக்குக் கீழே, சூலம் நட்ட ஒரு மேடை இருக்கிறது. தோட்டத்தில் மாரியம்மன் எல்லோருக்கும் பொது. ஃபெக்டரி இயந்திரத்தைக் காக்கும் ரோதைமுனியும், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்கு முன் கும்பிடும் கவ்வாத்துச் சாமியும் இந்த மலையிலேயே பிறந்த தெய்வங்கள். ஆனால் பாறைக்குக் கீழிருக்கும் மேடையில் கும்பிடுவது எங்களோடு சேர்த்து ஐந்து வீடுகள் மட்டும்தான். பிடிமண் கொண்டுவந்து வைத்த குலசாமி என்பார் அப்பாயி. சாமியின் பெயர் மாசிப் பெரியண்ணன். சிறு வயதில் அந்தப் பெயரை நான் சாதாரணமாகவே கேட்டு வளர்ந்தேன். அது ஒரு முகவரி என்பது இந்தத் தேடலில்தான் விளங்கியது. மாசிப் பெரியண்ணசாமி கோயில் கொண்டிருப்பது கொல்லிமலையில். அந்த மலையைச் சுற்றியுள்ள முசிறி, துறையூர், நாமக்கல் பக்கத்துக் குடிகளுக்கு அவர் குலதெய்வம். அப்பாயி ஒப்பாரி வைக்கும்போது வரும், ஒரு கரையில் நின்றால் மறு கரை தெரியாத ஆறும் அதோடு பொருந்திவந்தது. முசிறிக்கும் குளித்தலைக்கும் இடையே காவிரி விரிந்து ஓடும் இடத்தை அங்கே அகண்ட காவிரி என்றே அழைக்கிறார்கள். பிரஜாவுரிமை அதிகாரிகளுக்குப் பயந்து தாத்தா கடிதங்களை எரித்துவிட்டார். சாமியை அவரால் எரிக்க முடியவில்லை, அல்லது அதிகாரிகளுக்கு இந்த மொழி வாசிக்கத் தெரியாதென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து நான் தேடியது சின்னத் தாத்தாவின் பிள்ளைகளை. அவர்கள் 1970களில் ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலேறி, தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் பிடித்து, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்குப் போனவர்கள். அங்கே தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் அதே கொழுந்தைத்தான் எடுத்தார்கள். கோத்தகிரியில் குடியேறிய அயல் தோட்டத்தார் ஒருவர் மூலம் எண் கிடைத்து, ஒரு சித்தப்பாவோடு வாட்ஸ்அப்பில் பேசினேன். அவருடைய தமிழ் எங்கள் தோட்டத்துத் தமிழாகவே இருந்தது. அங்கே அவர்களைச் சிலோன்காரர் என்கிறார்களாம். இங்கே 1911 குடிமதிப்பிலிருந்து எங்களுக்கு இந்தியத் தமிழர் என்று பெயர்.

சின்னத் தாத்தா கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியைச் சித்தப்பா படமெடுத்து அனுப்பினார். தாத்தா எதை மறைத்து இந்த நாட்டில் இருந்தாரோ, அதைத் தம்பி எழுதிக் கொடுத்துத்தான் அந்த நாட்டுக்குப் போக முடிந்திருக்கிறது. கிராமம், தாலுகா முசிறி, ஜில்லா திருச்சிராப்பள்ளி என்று அதில் தெளிவாக இருந்தது. இப்படி ஜில்லா பெயர் கிடைத்தவர்கள் அதை இன்றைய வரைபடத்தில் அப்படியே தேடி ஏமாறக் கூடாது. பழைய திருச்சி ஜில்லாவிலிருந்து கரூரும் பெரம்பலூரும் 1995இல் பிரிந்தன. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம், 1974இலிருந்து தனி மாவட்டம். தாலுகாக்களும் அப்படியே துண்டாகியிருக்கின்றன. எங்கள் கிராமம் இப்போது தொட்டியம் பக்கம்.

அதே தாளில், தகப்பன் பெயர் என்ற இடத்தில், பூட்டனின் பெயர் இருந்தது. வாசித்துவிட்டு நான் சிரித்தேனா அழுதேனா என்று சொல்லத் தெரியவில்லை. அது பெரியப்பாவின் பெயர்.

பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். தலைமகனின் தலைமகனுக்குப் பாட்டன் பெயர் என்பது எங்கள் பக்கம் மாறாத வழக்கம். அப்படியிருந்தும் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றாததற்குக் காரணம் அப்பாயி. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ஆகவே தன் மூத்த மகனை அவர் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "தொரை" என்றார். அப்பா, அத்தைமார், லயத்தார் எல்லோரும் அதையே பிடித்துக்கொள்ள, பெரியப்பா எங்களுக்குத் தொரைப் பெரியப்பாவானார். உண்மைப் பெயர் அடையாள அட்டையிலும் ஈபிஎஃப் என்ற சேமலாப நிதித் தாளிலும் மட்டும் கிடந்தது. தனக்குக் குலசாமியின் பெயரை வைத்திருப்பதாகவே அவர் எண்ணியிருந்தார். அதுவும் தவறில்லை. பூட்டனுக்கும் சாமி பெயர்தான் வைத்திருந்தார்கள்.

சென்ற வருடம் கொழும்பிலிருந்து திருச்சிக்குப் போய், அங்கிருந்து அந்தக் கிராமத்துக்கு ஒரு வாடகைக் காரில் போனேன். கதைகளில் வருவதைப் போல யாரும் ஓடிவந்து கட்டிப்பிடிக்கவில்லை. டீக்கடையில் இருந்த பெரியவர் ஒருவர், எங்கள் ஆட்களில் சிலர் கண்டிச்சீமைக்கு, அதாவது இலங்கை மலைநாட்டுக்கு, போய்த் திரும்பவில்லை என்று தன் பாட்டி சொன்னதை நினைவுகூர்ந்தார். அடுத்த மூச்சில், நீங்கள் என்ன ஆளுங்க என்று கேட்டார். அந்தக் கேள்வியை எதிர்பார்த்தே போயிருந்தேன், ஆனாலும் தொண்டை அடைத்தது. வேர் தேடுவதைப் பற்றி உருகி எழுதுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த மண்ணில் வேர் என்றால் முதலில் சாதி. எங்கள் முன்னோரில் பெரும்பாலோர் ஊரை விட்டுக் கிளம்பியதற்குப் பஞ்சம் பாதிக் காரணம் என்றால், சொந்தமாக ஒரு சாண் நிலமில்லாமல் ஊரின் ஓரத்தில் குடியிருக்க வேண்டியிருந்தது மீதிக் காரணம். அவருக்கு நான் சொன்ன பதிலை வைத்து எந்தத் தெருவைக் காட்டுவதென்று அவர் முடிவு செய்தார். அந்தத் தெருவில் எங்கள் வீடு என்று ஒன்றுமில்லை.

மறுநாள் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கொல்லிமலைக்கு ஏறினேன். மூடுபனியும் குளிரும் எனக்குப் பழக்கமானவை, காரோட்டிக்குத்தான் பல் கிட்டியது. பெரியண்ணசாமியிடம் பூசாரி எந்த வகையறா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கண்டிச்சீமை என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு அப்படியே சொல்லித் தீபம் காட்டினார். ஒரு பிடி மண் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்து, விமான நிலையத்தில் அதற்கு என்ன சொல்வதென்று யோசித்து, கேட்காமல் இறங்கிவிட்டேன். வேண்டிய மண் ஏற்கெனவே பாறைக்குக் கீழே இருக்கிறது.

இந்த ஆடி அமாவாசைக்கு மறுபடியும் அதே ஆற்றோரம் போனோம். அதே பூசகர், அதே மூன்று பெயர்கள். தம்பி இம்முறை தயங்காமல் மூன்றாவது பெயரையும் உரக்கச் சொன்னான். பூசகர் அதைத் திருப்பிச் சொல்லி எள்ளுத்தண்ணீர் விடச் செய்தபோது, பின்னால் கல்லின்மேல் உட்கார்ந்திருந்த பெரியப்பா திடுக்கிட்டு எழுந்தார்.

"டேய், உயிரோட இருக்கிறவனுக்கே எள்ளுத்தண்ணி விடுறீங்களாடா?"